மழைப் பாலம் அச்சடிக்கலாம் வாங்க

1857ல ஜப்பான் ஓவியர் ஹிரோஷிகே போட்ட மழைப் படம் தெரியும்ல, மரப்பலகைல செதுக்கி அச்சடிச்சது, எடோ நகரத்துல (இப்ப டோக்கியோ) சுமிதா ஆத்து மேல ஷின்-ஓஹாஷி மரப்பாலம், ஆளுங்க குனிஞ்சுக்கிட்டு ஓடுவாங்க, 1887ல வான்கோ கூட அதப் பாத்து வரைஞ்சாரு. அவங்களுக்கு செர்ரி பலகை, நமக்கு ரங்கூன்ல கிடைக்கிற பிளைவுட் போதும். பேப்பருக்கு ஷான் மாநிலத்து பிண்டயா ஊர்ல செய்யுற ஷான் காகிதம், அந்தக் குடைக்குப் போடுறதுதான், ஜப்பான்காரங்க பேப்பர் மாதிரியே மல்பெரி பட்டை.

முதல் பலகைல பாலம், இடவலம் மாத்தி வரைஞ்சு செதுக்குங்க. மழைக்கு ரெண்டு பலகை, இங்கதான் விஷயமே இருக்கு, ஒண்ணுல கோடு ஒரு சாய்வு, இன்னொண்ணுல லேசா வேற சாய்வு, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்தாதான் மழை சும்மா பிச்சுக்கிட்டு அடிக்கும். கோட்ட விட்டுட்டு சுத்தி இருக்கறதத்தான் எடுக்கணும், அவசரப்பட்டா பிஞ்சிரும். எல்லா பலகைலயும் ஒரே மூலைல L மாதிரி ஒரு வெட்டு, அதே ஓரத்துல கொஞ்சம் தள்ளி நேரா இன்னொரு வெட்டு வைங்க, பேப்பர அதுல முட்ட வச்சா நகராது.

வாட்டர்கலர்ல சோத்துப் பசை கலந்து தடவி, ஈரம் காட்டுன பேப்பர வச்சு கரண்டி முதுகால தேயுங்க. கருமேகத்துக்கு வெத்துப் பலகைய ஈரத்துணியால துடைச்சு மேல் ஓரத்துல மட்டும் கருப்பு, கீழ வர வர தானா மங்கிரும். ஆடி மாசத்துல காயவே காயாது, கரண்ட் இருந்தா ஃபேன் போடுங்க.