தபச்சுலாவில் ஒரு கியூபருக்கு அகதி மனு எழுத உதவுவது எப்படி

தபச்சுலா மெக்சிகோவின் தென்கோடியில், குவாத்தமாலா எல்லையை ஒட்டிய ஊர். இங்கே தன்னார்வலராக நான் அதிகம் செய்வது கியூபர்களோடு உட்கார்ந்து அகதி மனு எழுதும் வேலைதான். ஸ்பானிஷ் தெரிந்த யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். அடுத்து, மெக்சிகோவுக்குள் நுழைந்த தேதி. அன்றிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் கோமார் எனப்படும் அகதிகள் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். எப்படியாவது வடக்கே அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பிலேயே பலருக்கு அந்த நாட்கள் ஓடிவிடுகின்றன. தாமதமாகியிருந்தால் காரணத்தை எழுதுங்கள். மருத்துவச் சீட்டு ஏதாவது இருந்தால் கூடவே வையுங்கள்.

வந்த பாதையை ஹவானாவிலிருந்து கேட்டால் குழம்பிவிடுவார்கள். நேற்றிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள்: எல்லையிலுள்ள சுசியாதே ஆற்றில் லாரி டியூப் மிதவை, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவாவின் மனாகுவா விமான நிலையம். 2021 நவம்பரில் நிகராகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்த பிறகு, வீட்டை விற்று டிக்கெட் வாங்கிப் புறப்பட்டவர்கள் ஏராளம். கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலுள்ள ஆபத்தான டரியன் காட்டைக் கடந்து வந்தவரிடம் மட்டும் அந்தப் பகுதியைத் துருவாதீர்கள். அவராகச் சொல்லட்டும்.

கடினமான இடம், ஏன் கிளம்பினார்கள் என்பது. மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, சம்பளம் எதற்கும் போதவில்லை என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் மனுவுக்கு அந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்பது வேண்டும். நான் கேட்பது இதுதான்: "உங்கள் வீட்டுக் கதவை யாராவது வந்து தட்டினார்களா?"

கியூபாவின் ஒல்கினிலிருந்து வந்த ஒரு பெண் அரை மணி நேரம் மின்வெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் பேச்சு நின்றது. மகளின் காலணியைக் கழற்றி, உள்தகட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே போலீஸ் அழைப்பாணை. 2021 ஜூலை 11 அன்று கியூபாவில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு அவருடைய கணவருக்கு வந்தது. ஆற்றில் நனைந்து மை கலைந்திருந்தது. முத்திரையும் "காலை 9 மணி" என்பதும் மட்டும் தெரிந்தன. அது சாட்சியம் என்று அவர் நினைத்ததே இல்லை. தூக்கிப் போடப் பயந்துதான் வைத்திருந்தார்.

இப்படி ஒரு தாள் கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். அசல் அவரிடமே இருக்கட்டும்.

மியாமியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக அனுமதிக்கப்பட்ட கியூபர் அமெரிக்காவில் ஓராண்டு இருந்தால் நிரந்தர வதிவிடம் கோரலாம். "ஒரு வருஷம், ஒரு நாள்" என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த அனுமதிக்கு வாசலாக இருந்த அமெரிக்க எல்லைத் துறையின் சிபிபி ஒன் செயலிச் சந்திப்புகள் 2025 ஜனவரி 20 அன்று ரத்தாகிவிட்டன. மறுபடி திறக்கும் என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மனு நிலுவையில் இருக்கும்போது அனுமதியின்றி, தபச்சுலா இருக்கும் சியாபாஸ் மாநிலத்தை விட்டுப் போகக்கூடாது என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். ஒல்கின் பெண்ணுக்கு வாசித்தபோது, "எச்சரித்தார்கள்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "மிரட்டினார்கள்" என்று தன் கையாலேயே எழுதினார்.