தீம் பார்க்கில் வீகனாகச் சாப்பிட: பலரும் செய்யும் தவறுகள்

ஈசிஆரில் வி.ஜி.பி.யோ எம்.ஜி.எம்.மோ, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரோ, திருப்போரூர் பக்கம் புதிதாக வந்திருக்கும் வொண்டர்லாவோ, எங்கே போனாலும் காலையில் நுழைந்தால் வெளியே வர சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் ஒரு வேளை சாப்பாடு, இரண்டு மூன்று தடவை நொறுக்குத்தீனி, தாகத்துக்கு ஏதாவது. வீகன்கள், அதாவது கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேனையும் விட்டவர்கள், இந்த ஒரு நாளை நினைத்தே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. நம் சமையலின் அடிப்படை அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய். இறக்கும்போது மேலே விடும் நெய்யும், மாவில் கலந்துவிடும் தயிரும்தான் சிக்கல். அதை யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

"இது வீகனா?" என்று மட்டும் கேட்பது

பல கவுண்டர்களில் இதற்குக் கிடைக்கும் பதில், "ஆமா சார், ப்யூர் வெஜ்தான்." அவர் ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கில் கறி, மீன், முட்டை இல்லாவிட்டால் விஷயம் முடிந்தது. அதனால் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணா, இதுல பால், தயிர், நெய், வெண்ணெய் ஏதாவது சேர்ப்பீங்களா?" இல்லை என்று சொன்னாலும், "மணத்துக்குக்கூட நெய் விடமாட்டீங்களே?" என்று இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள். "அது கொஞ்சூண்டுதான் விடுவோம்" என்ற பதில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் வரும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. பில் போடுகிறவருக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தோசை வேண்டுமென்றால் தோசை மாஸ்டரிடமே போய்ச் சொல்லுங்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கிண்ணம், ஒரு நெய்க் கிண்ணம், இரண்டிலும் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். கூட்ட நேரத்தில் ஏழெட்டு தோசையை வரிசையாக ஊற்றிவிட்டு, அவர் ஒரே வீச்சில் எல்லாவற்றின் மேலும் நெய்யைச் சுற்றிவிடுவார். சீட்டில் "ப்ளைன்" என்று இருப்பதை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. மாவை ஊற்றுவதற்கு முன்பே, "மாஸ்டர், எனக்கு எண்ணெய் மட்டும்" என்று சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, தட்டு கைக்கு வந்தபிறகு முகம் சுளிப்பதில் யாருக்கும் பயனில்லை.

பெயரை வைத்தே முடிவு கட்டுவது

இட்லி, மெதுவடை, மசால்வடை, எண்ணெயில் சுட்ட தோசை, புளியோதரை, எலுமிச்சை சாதம், காரக்குழம்பு, அப்பளம், சுண்டல் ஆகியவை பெரும்பாலும் நம்பிக்கையாகச் சாப்பிடக்கூடியவை. சாம்பாரும் ரசமும் அப்படித்தான், தாளிப்பு நெய்யிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்பொங்கல் நெய் இல்லாமல் வராது. ரவா இட்லியில் தயிர் உண்டு, மைதாவில் செய்யும் மைசூர் போண்டாவிலும் அப்படித்தான். ரவா தோசை மாவில் மோர் ஊற்றும் இடங்கள் உண்டு. தேங்காய்ச் சட்னியில்கூட தயிர் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெஜ் பிரியாணியில் தயிரும் நெய்யும் சேர்வது வழக்கம். நான் ரொட்டி மாவில் தயிரோ பாலோ இருக்கும், சப்பாத்தியின் மேல் வெண்ணெய் தடவியிருக்கும். பலர் ஏமாறுவது பரோட்டாவில்தான். மைதா, எண்ணெய் என்று நினைத்து வாங்குவார்கள். ஆனால் மாவு மிருதுவாக இருக்க முட்டையும் பாலும் சேர்த்துப் பிசைகிற கடைகள் நிறைய. வெஜ் குருமா தேங்காயும் முந்திரியும் மட்டும்தானா, தயிரோ கிரீமோ உண்டா என்பது கடைக்குக் கடை மாறும்.

பஃபே டோக்கன் வாங்குமுன் ஒரு நிமிஷம் உள்ளே போய் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பனீர் கிரேவி, ஃப்ரைட் ரைஸ், தயிர் சாதம், பால் பாயசம் என்று இருந்தால், முழுப் பணம் கொடுத்துவிட்டு ஃப்ரைட் ரைஸும் ஊறுகாயும் சாப்பிட வேண்டியதுதான். அதற்குத் தோசை கவுண்டர் எவ்வளவோ மேல்.

ஜூஸை நம்புவது

நம் ஊர் ஜூஸ் கடைகளில் ஆப்பிள், சப்போட்டா, மாம்பழம் போன்றவற்றைப் பால் ஊற்றித்தான் அடிப்பார்கள். "ஆப்பிள் ஜூஸ்" என்று பலகையில் இருக்கும், மில்க் ஷேக் என்று இருக்காது. சாத்துக்குடி, தர்பூசணி, அன்னாசி, திராட்சை என்றால் பொதுவாகத் தண்ணீர்தான். எதுவானாலும் "பால் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் முந்தைய ஷேக் அடித்த மிக்ஸி ஜாரையும் கழுவச் சொல்லுங்கள். லெமன் சோடாவும் இளநீரும் கேள்வியே இல்லாதவை. வெயிலில் அலைகிற நாளில் உப்புப் போட்ட லெமன் சோடா உடம்புக்கும் நல்லது. டீ இல்லாமல் முடியாதவர்களுக்குப் பால் இல்லாத கட்டன் சாயா அல்லது லெமன் டீ. ஆனால் மெஷினில் வரும் டீத்தூள் கலவைகளில் பால் பவுடர் இருக்கக்கூடும், பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்வீட் கார்ன் கப்பில் சூடான சோளத்தோடு வெண்ணெய்க் கட்டி முதலிலேயே விழுந்துவிடும். "வெண்ணெய் போடாம, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை மட்டும்" என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லுங்கள். பாப்கார்னில் கேரமல் வகையைத் தவிர்த்துவிடலாம்.

பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் வாங்குவது

பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்துக்கான குறி. பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதற்கான சின்னத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சின்ன இலையும் இருக்கும். ஆனால் பூங்காக் கடைகளில் விற்கும் பாக்கெட்டுகளில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். பின்பக்கம் திருப்பி, மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் பாருங்கள். பால் இருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள். பிஸ்கெட்டில் மில்க் சாலிட்ஸ் சர்வசாதாரணம். சிப்ஸில் உப்பு மட்டும் போட்டது நல்லது, கிரீம் அண்ட் ஆனியன் வகையில் பால் பொருள் இருக்கும்.

வீட்டுச் சாப்பாட்டை மட்டுமே நம்பிப் போவது

புளிசாதம் கட்டிக்கொண்டு போய், வாசலில் பையைச் சோதிக்கும்போது திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணங்களுக்கும் விலக்கு கிடைக்கலாம். டிக்கெட் போடும்போதே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: சாப்பாடு கொண்டுவரலாமா, வெளியே போய்த் திரும்பி வரலாமா, உள்ளே தென்னிந்திய உணவு கவுண்டர் உண்டா. திரும்பி வர விட்டால் கவலையே இல்லை, சாப்பாட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். விடமாட்டார்கள் என்றால் காலை உணவை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கே கிளம்புங்கள். கடலைமிட்டாய் மாதிரி எதையாவது உள்ளே அனுமதிப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். நிலக்கடலையும் வெல்லமும்தான், ரொம்ப நேரம் பசி தாங்கும்.

மதியம் ஒன்றரை மணிக்கு எல்லோரும் வரும்போது போய் நின்றால், மாஸ்டரிடம் நிதானமாகப் பேச முடியாது. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். அப்புறம் அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்துவிட்டு ராட்டினம் ஏறினால் வயிறும் புரட்டாது. தண்ணீர்ப் பக்கம் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவோம், அதனால் கொஞ்சம் ரொக்கமோ பூங்காவின் கார்டோ கையில் இருக்கட்டும்.

எண்ணெய்ச் சட்டியை மறப்பது

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் உருளைக்கிழங்குதான். ஆனால் சிக்கன் பொரித்த அதே எண்ணெயிலா என்று கேளுங்கள். அது உங்களுக்குப் பரவாயில்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், அதில் ஒருவருக்கு இன்னொருவர் சட்டம் போட வேண்டியதில்லை. பால் ஒவ்வாமை உள்ள குழந்தை கூட வந்தால் கதை வேறு. ஒரே தோசைக்கல், ஒரே கரண்டி என்பதுகூட ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் மருத்துவர் சீட்டோடு முன்கூட்டியே பேசி, வீட்டு உணவுக்கு அனுமதி வாங்கிக்கொள்வதுதான் சரி.

வெளிநாட்டிலும் அதே கேள்விகளைக் கேட்பது

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போகிறவர்கள் நெய்யைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. அந்த ஊர்ச் சமையலில் சம்பல் என்ற மிளகாய் விழுதில் இறால் விழுது சேரும், கீரை வதக்கலில் சிப்பி சாஸ் சேரும், காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமில் முட்டை உண்டு. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் வேலை சுலபம். 2019 முதல் இறைச்சி, பால், முட்டை, தேன் இல்லாத பண்டங்களுக்கு மெனுவிலேயே இலைக் குறி போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் சாப்பாட்டையும் கொண்டுபோக விடுகிறார்கள், ஆனால் கண்ணாடிப் பாத்திரம் கூடாது.

திரும்பும் வழியை யோசிக்காமல் விடுவது

நாள் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, ஏழு மணிப் பசியில் நெடுஞ்சாலை ஓட்டலில் எது வந்தாலும் சரி என்று உட்கார்ந்துவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பமோ இடியாப்பமோ தேங்காய்ப்பாலோடு கிடைக்கும் இடமாக இருந்தால் நல்லது. அடை கிடைத்தால் வெண்ணெயை எடுத்துவிட்டு வெல்லம் வைக்கச் சொல்லுங்கள்.