பேட்டரியைத் தின்ற ரெகுலேட்டர்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற மாதிரி ஒரு சின்ன அலாரம் செய்தேன். புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஏடிமெகா328பி சிப், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, நடுவில் அந்த 9 வோல்ட்டை நிலையான 5 வோல்ட்டாக இறக்கித் தரும் 7805 ரெகுலேட்டர். சிப் 8 விநாடிக்கு ஒருமுறை விழித்து, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஒரு வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்காம் நாளே படுத்துவிட்டது.

மல்டிமீட்டரை மில்லி ஆம்பில் வைத்து, பேட்டரியின் பிளஸ் வயருக்கு நடுவே இணைத்தேன். 5.1 காட்டியது. சிப்பைக் கழற்றிய பிறகும் ஏறக்குறைய அதேதான். சும்மா இருப்பதற்கே 7805 அவ்வளவு குடிக்கிறது! ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்ப்-மணி. ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் இருப்பதே 500 சொச்சம். அதிலும் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 7805 ஒழுங்காக 5 வோல்ட் தராது. (அளந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து ஒரு ஃபியூஸைப் போக்கினேன்.)

‘வோல்ட்டைக் குறைக்க ரெகுலேட்டர் எதற்கு, இரண்டு ரெசிஸ்டர் போதுமே’ என்பார்கள். 820 ஓம், 1 கிலோ ஓம் போட்டால் 9 வோல்ட் 5 வோல்ட்டாகத் தெரியும், சரி. சர்க்யூட் 10 மில்லி ஆம்ப் இழுத்ததும் 1 வோல்ட்கூட மிஞ்சாது.

இப்போது மூன்று ஏஏ ஆல்கலைன் செல்லும் ஹெச்டி7333 என்ற வேறொரு ரெகுலேட்டரும் போட்டிருக்கிறேன். 3.3 வோல்ட் தரும்; தனக்கென்று சில மைக்ரோ ஆம்ப்தான் எடுக்கும். சிப்பின் வேகத்தை அதன் உள்ளேயே இருக்கும் ஆஸிலேட்டரில் (துடிப்பு தரும் கடிகாரம்) 8 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டக்கூடாது.

ரெகுலேட்டரின் கால்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் 7805-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். ஹெச்டி7333-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். பழைய பழக்கத்தில் சால்டர் வைத்து, தொட்டுப் பார்த்தபோது விரல் சுட்டது. அது குப்பைக்குப் போனது.

இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், அவுட்புட் பக்கமும் அப்படியே ஒன்று. கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. சிப்பை உடனே மாட்டாதீர்கள். முதலில் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 330 ஓம் ரெசிஸ்டரை வைத்து வோல்ட்டை அளந்து பாருங்கள். 3.2-க்கும் 3.4-க்கும் இடையில் நின்றால் அப்புறம் மாட்டலாம்.

மூன்று செல்லும் சேர்ந்து 3.5 வோல்ட்டுக்கு வந்தால் மாற்றிவிடுவேன். நேற்று பார்த்தேன், 4.3.