அப்பாவுக்குப் பார்க்கின்சன்: மறதி இருக்கிறதா என்று வீட்டிலேயே கவனிப்பது எப்படி?

1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், புத்திக்கு ஒன்றும் ஆவதில்லை என்றுதான் எழுதினார். அது தப்பு, மறதியும் வரலாம் என்று பிறகு தெரிந்துவிட்டது, ஆனால் நம் வீடுகளில் இன்னமும் கை நடுக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டாக்டர் "மறதி இருக்கா?" என்று கேட்டால் அப்பா "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். பொய் இல்லை, சிலருக்குத் தன் மறதி தனக்கே தெரிவதில்லை. நேர்மாறாக, மனச்சோர்வு உள்ள சிலர் நன்றாக இருக்கும்போதே எல்லாம் மறந்துபோச்சு என்று புலம்புவார்கள். அதனால் ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கம் அவர் சொல்வதையும் வலது பக்கம் நீங்கள் பார்ப்பதையும் தேதி போட்டு ஒரு மாதம் எழுதுங்கள்.

"மறதி ஜாஸ்தி" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. நான் எழுதியது இப்படி: "காபி போடப் போனார். ஃபில்டரில் பொடி போட்டார், வெந்நீர் ஊற்றவில்லை, பாலைக் காய்ச்சிவிட்டு டம்ளரோடு நின்றார். 'டிகாக்‌ஷன்?' என்றதும் சிரித்துக்கொண்டு மடமடவென்று போட்டுவிட்டார்."

அந்தக் கடைசி வரி முக்கியம். பார்க்கின்சன் மறதியில் பல நேரம் விஷயம் உள்ளே இருக்கும், வெளியே எடுக்கத்தான் வராது, ஒரு குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். அதனால் எடுத்துக்கொடுத்ததும் ஞாபகம் வந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பதில் மெதுவாக வருவது வேறு, மறதி வேறு. பத்து எண்ணும்வரை பொறுங்கள். மாத்திரை வேளை தவறுவது, கணக்கில் குழம்புவது, இல்லாத குழந்தையோ பூனையோ கண்ணுக்குத் தெரிவது, எல்லாவற்றையும் குறியுங்கள். தயவுசெய்து "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர்ப் பைக்கான சில மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள்கூட மறதியைக் கூட்டும். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் பி12 வைட்டமின், தைராய்டு பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் மோகா (MoCA) என்ற சோதனையில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், மொத்தம் 30 மார்க், 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்ப்பார்கள். படிப்பு குறைந்தவர்களுக்கு மார்க்கும் குறையலாம், அதற்காகப் பயந்துவிட வேண்டாம். தேவைப்பட்டால் மறதிக்கு ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்தும் உண்டு.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் நோட்டையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்றாகவோ உடம்பில் நீர் வற்றியதாகவோ இருக்கலாம். போனதும் பார்க்கின்சன் என்று முதலில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால் இவர்களுக்கு ஆகாது, உடம்பு இன்னும் இறுகிப்போகும்.

அப்புறம், டாக்டர் முன்னால் அவரை மறுத்துப் பேச வேண்டாம். அவர் சொல்லி முடித்ததும் நோட்டைக் கொடுத்தால் போதும். அதை அவருக்கு ஒளித்தும் வைக்காதீர்கள். அப்பா காபி விஷயத்தைப் படித்துவிட்டு, "அது செவ்வாய் இல்லடா, புதன்" என்றார். காலண்டரைப் பார்த்தேன், புதன்தான்.