லண்டன் மாரத்தான் ஓடி, தசைச்சிதைவு ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது எப்படி?

என் அக்கா மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் மரபணு நோய். தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு எழும்போது குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, அப்புறம் முழங்கால், தொடை என்று பிடித்துப் பிடித்துத் தன் உடம்பின் மேலேயே ஏறி நிற்பான். இதே லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் கவர்ஸ் 1879-லேயே இப்படி எழும் விதத்தை விவரித்துவிட்டார். பழுதானால் இந்த நோயைத் தரும் டிஸ்ட்ரோபின் மரபணு 1980-களில்தான் பிடிபட்டது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால்தான் ஓடினேன்.

முதலில் ஓட்டத்தில் இடம். பொதுமக்களுக்கான குலுக்கலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மஸ்குலர் டிஸ்ட்ரோபி யூகே போன்ற தொண்டு நிறுவனத்திடம் இடம் கேளுங்கள். பதிலுக்குப் பொதுவாக 2,000 பவுண்டு அளவில் திரட்டித் தருவதாக உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். பணம் ஆராய்ச்சிக்கு மட்டும் போக வேண்டுமானால் அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். குடும்பங்களுக்கான உதவிப் பணிகளும் அவர்களுக்கு உண்டு.

அடுத்து நன்கொடைப் பக்கம். எந்தத் தளம் என்று நிறுவனமே சொல்லும். முதல் நன்கொடையை நெருங்கிய ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். மேலே 50 பவுண்டு தெரிந்தால் பின்னால் வருபவர்களும் கொஞ்சம் கூட்டியே போடுகிறார்கள்.

இனி கிஃப்ட் எய்ட். இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். பிரிட்டனில் வரி கட்டுபவர் 1 பவுண்டு கொடுத்து அதற்கான கட்டத்தில் டிக் அடித்தால், அரசு தொண்டு நிறுவனத்துக்கு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. நான் ஒரு பிறந்தநாள் விருந்தில் 640 பவுண்டு ரொக்கமாகத் திரட்டி, மொத்தத்தையும் என் கார்டில் போட்டு, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக்கும் அடித்துவிட்டேன். அது செல்லாது. அந்தப் பணம் என்னுடையதல்ல; யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலும் என்னிடம் இல்லை. 160 பவுண்டு போனது. இன்றும் மனசு ஆறவில்லை.

எனவே ரொக்கம் வாங்கும் இடத்துக்கெல்லாம் ஸ்பான்சர் படிவத்தை எடுத்துப் போங்கள். ஆளுக்கொரு வரி: முழுப்பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோடு, தொகை, தேதி, டிக். "மாமி குடும்பம்" என்று எழுதினால் அன்போடு திருத்தச் சொல்லுங்கள். கூட்டத்தில் எக்செல்லைவிட அட்டையில் செருகிய காகிதமும் நூலில் கட்டிய பேனாவும்தான் வேலைக்கு ஆகும். போன் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தின் க்யூஆர் கோடை அச்சடித்து நீட்டுங்கள். விவரங்களை அவர்களே நிரப்பிவிடுவார்கள்.

பயிற்சிக்கு 16 வாரமாவது ஒதுக்குங்கள். புது ஷூவை ஓட்டத்தன்று போடாதீர்கள்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். ஊரிலிருந்து பணம் அனுப்பும் சித்தப்பாவும், வருமான வரி வராத அளவு ஓய்வூதியம் வாங்கும் பாட்டியும் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் டிக் போடக் கூடாது. போட்டால் அந்த வரித் தொகையைப் பாட்டியிடமே கேட்பார்கள். கொத்து ரொட்டி விற்றுத் திரட்டினால் அது உணவுக்கான விலை, நன்கொடை ஆகாது. கிஃப்ட் எய்ட் கிடையாது. விற்பனை மேசைக்குப் பக்கத்திலேயே நன்கொடைக்கென்று தனிப் பெட்டியும் படிவமும் வையுங்கள்.