ஆப்பிளை மம்மியாக்கலாம்: எகிப்து பாடத்துக்கு ஒரு வாரச் செய்முறை

பழைய எகிப்து பாடத்தை அரசர் பெயர்களில் தொடங்கி பிரமிடு படத்தில் முடித்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் எதுவும் தங்காது. நிலத்திலிருந்து தொடங்குங்கள். நைல் ஆற்றின் இரு கரையிலும் ஒடுங்கிய பச்சைக் கீற்று, அதைத் தாண்டினால் பாலைவனம். செத்தவர்களை விளைநிலத்தில் புதைக்காமல் பாலைவன ஓரத்தில் புதைத்தார்கள். சுடுமணல் ஈரத்தை உறிஞ்சியதில், அழுகுவதற்கு முன்பே உடல் காய்ந்துபோனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கெபலைன் மனிதர் அப்படித் தானாகக் காய்ந்தவர். 5,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் தலைமுடி இருக்கிறது. பிறகு பெட்டியும் கல்லறை அறையும் வந்தன. மணல் உடலைத் தொடவில்லை, உடல் அழுகத் தொடங்கியது. அந்தச் சிக்கலிலிருந்துதான் நேட்ரான் உப்பில் உடலைக் காயவைக்கும் முறை பிறந்தது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த வரிசையை நான்கு கப்பில் காட்டிவிடலாம்: சும்மா காற்றில் ஒன்று, மணலில் ஒன்று, உப்பில் ஒன்று, நேட்ரானில் ஒன்று.

வாங்க வேண்டியவை

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு குழு. குழுவுக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ள கெட்டியான ஆப்பிள் ஒன்று, 200 மி.லி. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் கப் நான்கு, தூள் உப்பு 200 கிராம், ஆப்ப சோடா 130 கிராம், மணல் 250 கிராம், மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய கட்டுத்துணி கொஞ்சம். எட்டுக் குழு என்றால் உப்பு 1.6 கிலோ, சோடா ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். சோடாவைச் சின்னப் பாக்கெட்டாக வாங்காதீர்கள், மளிகைக் கடையில் எடை போட்டு வாங்கினால் மிச்சம். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும், ஆப்பிள் சாறு பட்டதும் நுரைத்துக் கூழாகிவிடும்.

கல் உப்புதான் பழமைக்குப் பொருத்தம் என்று சிலருக்குத் தோன்றும். இந்தச் செய்முறைக்கு அது ஆகாது. கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து கசிந்துவிடும். தூள் உப்புதான் சரி.

எடை மெஷின் ஒரு கிராம் வரை காட்டினால் போதும். நம்பகமான ஒன்று வகுப்புக்கே போதும், குழுவுக்கு ஒன்று தேவையில்லை.

நேட்ரான் செய்வது

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எகிப்தியர்கள் நேட்ரானை கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாதி நட்ரூன் என்ற உப்பு ஏரிப் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள். சோடியத்துக்கு Na என்ற குறியீடு வந்ததும் இந்தப் பெயர்வழியில்தான். நேட்ரானில் முக்கியமாக இருப்பவை சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். கூடவே சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் உண்டு. பைகார்பனேட் என்பது நம் ஆப்ப சோடா. கார்பனேட்டுக்காகக் கடையில் சலவை சோடாக் கட்டியை வாங்கிக் கலந்தால் ஆப்பிள் காயவே காயாது. அந்தக் கட்டிக்குள் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்?

ஆகவே கார்பனேட்டை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். காய்ந்த இரும்பு வாணலியில் 80 கிராம் ஆப்ப சோடாவைப் போட்டு, சிறுதீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறும்போது பொடி தண்ணீர்போல் லேசாகக் குமிழிட்டு அசையும். அசைவு நின்றதும் இறக்கி, ஆறவைத்து எடை போடுங்கள். 80 கிராம் சுமார் 50 கிராமாகக் குறைந்திருந்தால் வேலை முடிந்தது. 60 கிராம் காட்டினால் இன்னும் வறுக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் செய்யாதீர்கள், கார்பனேட் அதை அரிக்கும். இதை ஆசிரியர் மட்டும் செய்யட்டும். கண்ணிலோ ஈரக்கையிலோ பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 50 கிராமோடு 50 கிராம் உப்பும் 50 கிராம் வறுக்காத ஆப்ப சோடாவும் கலந்தால் ஒரு கப்புக்கான நேட்ரான் தயார்.

மணலையும் முந்தின நாளே வாணலியில் வறுத்து ஆறவையுங்கள். ஆற்று மணல் கைக்கு உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

திங்கட்கிழமை

ஆப்பிளைத் தோல் சீவி நான்காக வெட்டி, விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். எகிப்தியர்கள் இடப்பக்க வயிற்றைக் கீறி குடல், இரைப்பை, ஈரல், நுரையீரலை எடுத்ததைச் சொல்ல இதுதான் நேரம். அழுகல் உள்ளிருந்து தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள்.

ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு சுற்று கட்டுத்துணியில் சுற்றுங்கள். துணியில்லாமல் புதைத்தால் உப்பு ஆப்பிளில் அப்பிக்கொள்ளும். ஏழாம் நாள் எடைபோடும்போது உப்பின் எடையும் சேர்ந்துகொண்டு, "உப்பு வேலை செய்யவில்லை" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அதைப் போக்கத் துண்டைக் கழுவினால் இன்னும் மோசம், தண்ணீரை மறுபடி குடித்துவிடும்.

கப்பின் அடியில் இரண்டு செ.மீ. பொடி, நடுவில் துண்டு, மேலே மறுபடி இரண்டு செ.மீ. ஒரு முனை வெளியே தெரிந்தாலும் அங்கே பூஞ்சை பிடிக்கும். மூடி போடாதீர்கள், ஈரம் வெளியேற வழி வேண்டும். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான அலமாரி நல்லது.

வியாழக்கிழமை துண்டைச் சுற்றிக் கட்டியாகிப்போன பொடியை உடைத்து எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுப் பொடி போடுங்கள். முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, இறுக மூடிய டப்பாவில் வைத்திருந்தால் சௌகரியம்.

அடுத்த திங்கள்

துணியை அவிழ்த்து, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு எடைபோடுங்கள். 40 கிராம் துண்டு 26 ஆகியிருந்தால் இழப்பு 14, அதாவது 35 சதவீதம். ஆப்பிளில் சுமார் 85 சதவீதம் தண்ணீர் என்பதால் முழுக்கக் காய்ந்தால் ஆறு கிராம்தான் மிஞ்ச வேண்டும். ஒரு வாரத்தில் அந்த அளவுக்குப் போகாது. உடலை நேட்ரானில் ஏன் 40 நாள் வைத்தார்கள், எண்ணெய் பூசி, துணி சுற்றி, சடங்கு முடித்து மொத்தம் ஏன் 70 நாள் ஆனது என்பது அப்போது பிள்ளைகளுக்கே புரியும்.

தராசு கையில் இருக்கும்போதே இதயத்தை நிறுக்கும் கதையைச் சொல்லிவிடுங்கள். ஒரு தட்டில் இதயம், மறுதட்டில் உண்மையின் தெய்வமான மஆத்தின் இறகு. நரித்தலை அனுபிஸ் நிறுப்பார், அரிவாள்மூக்கன் பறவைத்தலை தோத் கணக்கு எழுதுவார். இதயம் கனத்தால் அம்மித் என்ற விலங்கு அதைத் தின்றுவிடும். இதயத்தை உடலுக்குள் விட்டுவைத்ததற்கான காரணம் இங்கே வந்து சேர்கிறது.

சேர்க்கை: கேட்கப்பட்ட சந்தேகங்கள்

மணல் கப்பில் பூஞ்சை பிடித்தால் செய்முறை தோற்றுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். கடலோர ஊரிலும் மழைக்காலத்திலும் அப்படித்தான் ஆகும். மணல் மட்டும் போதாது, எகிப்தின் வறண்ட காற்றும் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. இரண்டாம் ராம்சேஸின் மம்மிக்கே அருங்காட்சியகத்தில் பூஞ்சை பிடித்து, 1976-இல் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காமா கதிர் பாய்ச்சிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் மூக்குத் துளைக்குள் மிளகு இருந்தது. மிளகுக்கொடியின் சொந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை. கி.மு. 1213-இல் இறந்த அரசரின் மூக்குக்கு அது எந்த வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, உலக வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

எறும்பு வருவது காற்றில் வைத்த கப்புக்குத்தான். அதை மட்டும் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து, மற்ற கப்புகளிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தால் உப்பு ஈரத்தை இழுக்கும்.

காய்ந்த துண்டை யாரும் வாயில் வைக்கக் கூடாது. மிஞ்சிய பொடியைச் செடிப் பக்கம் கொட்டாதீர்கள், மண் உவராகிவிடும். நிறையத் தண்ணீரில் கரைத்துக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிடுங்கள்.