மங்கிய ஒளியில் மாங்கனீசுக் கொத்தை மீளக் கட்டுதல்: ஊட்டி ஆய்வகத்துக்கு ஒரு செய்முறை

இலைகளின் ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் புரதத் தொகுப்பான இரண்டாம் ஒளி அமைப்புக்குள் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட கொத்து ஒன்று இருக்கிறது. அதன் வடிவத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் 2011இல் வெளியிட்டனர். இக்கொத்தைக் கழற்றிவிட்டு ஒளியைக் கொண்டே மீண்டும் கட்ட முடியும்.

முதலில் ஸ்பினாச் கீரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் சந்தைகளில் பசலை என்ற ஒரே பெயரில் பல கீரைகள் விற்கப்படுகின்றன. கொடிப்பசலையின் வழவழப்பு இவ்வேலைக்கு ஆகாது. அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சவ்வைக் கரைக்கும் சோப்பு வகைப் பொருளைக் கொண்டு இரண்டாம் ஒளி அமைப்புச் சவ்வுத் துண்டுகளைப் பிரிக்க வேண்டும். பசுங்கணிகத்துக்குள் பை போல் மூடியிருக்கும் தைலகாய்டு சவ்வில் கொத்து உட்புறத்தில் மறைந்திருப்பதால் மாங்கனீசு எளிதில் சென்று சேராது; திறந்த துண்டுகளில் அத்தடை இல்லை. அவற்றை 2 மில்லிமோலார் ஹைட்ராக்சிலமீனில் இருட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பலமுறை கழுவினால் மாங்கனீசு வெளியேறிவிடும். ஹைட்ராக்சிலமீன் நச்சு, கையுறை கட்டாயம்.

பின்னர் மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம் பச்சையம் இருக்கும்படி சவ்வைக் கலக்கி, 1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு, 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, எலக்ட்ரானை ஏற்க சிறிது டி.சி.பி.ஐ.பி. சாயம் ஆகியவற்றைச் சேர்த்து, சதுர மீட்டருக்கு நொடிக்கு 40 மைக்ரோமோல் அளவிலான மங்கிய ஒளியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஒளியைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் என்று தோன்றும்; அது தவறு. ஆய்வாளர்கள் செனியேயும் மார்ட்டினும் 1971இல் விளக்கியபடி, முதல் மாங்கனீசு ஒளியால் ஆக்சிஜனேற்றம் அடைந்த பின், ஒளி தேவைப்படாத மெதுவான மாற்றம் ஒன்று நடந்தால்தான் அடுத்த ஒளித்துகள் பயன்படும். ஒளி மிகக் குறைந்தால் அந்த இடைநிலை சிதைந்துவிடும். மிகுந்தாலோ கொத்தில்லாத புரதமே பழுதாகிவிடும். இருட்டில் ஒரு குழாயும் கால்சியம் இல்லாமல் ஒரு குழாயும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். கால்சியம் இல்லாத குழாயில் மாங்கனீசு முறையின்றி மிகுதியாக ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வராது.

சாயத்தின் நீலம் மறைவதை மட்டும் பார்த்து வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. கரைந்திருக்கும் மாங்கனீசு அயனியே எலக்ட்ரானைக் கொடுத்து நிறத்தைப் போக்கக்கூடும். ஆகவே உலோக அயனிகளைப் பற்றி அகற்றும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த கரைசலால் கழுவிய பிறகு, ஆக்சிஜன் மின்முனையால் அளப்பதே சரியான வழி.

அந்த அளவீட்டிலும் மலைக்கே உரிய ஒரு பிழை உண்டு. கடல் மட்டத்தில் 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் சுமார் 258 மைக்ரோமோலார் ஆக்சிஜன் இருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது ஏறத்தாழ 195தான். பாடநூலில் உள்ள எண்ணை அப்படியே கருவியில் பதித்தால், உங்கள் சவ்வு உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஆக்சிஜன் தருவதாகக் காட்டும். அன்றைய காற்றழுத்தத்தைப் பார்த்துத் திருத்திய எண்ணையே பதிக்க வேண்டும்.